பரணில் இருப்பதே போதும்: கொலு அலங்காரம் குறித்த வாசகர் கேள்வி-பதில்

புரட்டாசி அமாவாசைக்கு இன்னும் மூன்று வாரங்களே இருக்கும் நிலையில், கொலுவுக்கான அலங்காரங்களைக் கடையில் வாங்காமல் வீட்டில் கிடப்பவற்றைக் கொண்டே செய்துகொள்வது எப்படி என்று கேட்டு இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பழைய பொருளில் கைவேலை செய்கிறேன் என்று தொடங்கி, அதற்காகவே கடைக்குப் போய் ஐந்நூறு ரூபாய்க்குக் கற்களும் ஜிகினாவும் வாங்கி வருவது நம்மில் பலருக்கும் வழக்கமாகிவிட்டது. நானும் அதற்கு விலக்கல்ல. ஆகவே இந்தப் பதில்களில் பெவிகால், நூல், உப்புத்தாள், இரண்டு மூன்று வண்ணப் புட்டிகள் ஆகியவற்றுக்கு மேல் எதையும் வாங்கச் சொல்லவில்லை.

கேள்வி: எங்கள் வீட்டில் பத்து வருடத்துக் கல்யாணப் பத்திரிகைகள் ஒரு பை நிறைய இருக்கின்றன. பிள்ளையார் படம் போட்டிருப்பதால் குப்பையில் போடவும் மனம் வரவில்லை, கத்தரிக்கவும் கை வரவில்லை. இவற்றைக் கொலுவுக்குப் பயன்படுத்த வழி உண்டா?
(ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்)

பதில்: முதலில் சாமி படங்களை எல்லாம் படத்துக்குச் சேதமில்லாமல் ஓரத்தோடு சேர்த்து வெட்டித் தனியே எடுத்து வைத்துவிடுங்கள், அவற்றை ஒரே அளவு அட்டைகளில் ஒட்டினால் கொலுவின் பின்புறத் துணியில் வரிசையாகக் குத்தி வைக்கலாம். படம் போன பிறகு மிஞ்சுவது தடித்த, பளபளப்பான, பொன்னெழுத்து அச்சிட்ட அட்டை மட்டுமே என்பதால், அதன் பிறகு கத்தரிக்கோல் தயங்காது.

அந்த அட்டையில் செய்யத் தகுந்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது தொங்கும் உருண்டை. ஒரு சின்ன எவர்சில்வர் தம்ளரைக் கவிழ்த்து வைத்து, ஏறக்குறைய 6 செ.மீ. குறுக்களவில் 20 வட்டங்கள் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு வட்டத்துக்குள் மட்டும் மூன்று முனைகளும் விளிம்பைத் தொடும்படி ஒரு சமபக்க முக்கோணம் வரைந்து, அந்த முக்கோணத்தைத் தனியே ஓர் அட்டையில் வெட்டி அச்சாக வைத்துக்கொண்டால், மற்ற வட்டங்களில் அதை வைத்துக் கோடு இழுத்துவிடலாம். கல்யாணப் பத்திரிகை அட்டை தடிமனாக இருப்பதால் அப்படியே மடித்தால் கோணலாக உடையும்; மை தீர்ந்த ரீஃபிலின் முனையால் அளவுகோலை ஒட்டி ஒரு முறை அழுத்திக் கீறிவிட்டு, பிறகு மடித்தால் கோடு கத்திபோல நேராக விழும். ஒவ்வொரு வட்டத்திலும் இப்படி மூன்று பக்கமும் மடித்தால், நடுவில் முக்கோணமும் ஓரங்களில் மூன்று இதழ்களும் கிடைக்கும். ஐந்து வட்டங்களை இதழோடு இதழ் ஒட்டி வட்டமாகச் சேர்த்தால் ஒரு மூடி. இன்னும் ஐந்தில் அதே போல் இன்னொரு மூடி. மீதியுள்ள பத்தையும் முக்கோணத்தின் முனை ஒன்று மேலும் அடுத்தது கீழுமாக மாற்றி மாற்றி ஒட்டி வளையமாக்கினால், இரண்டு மூடிகளும் அந்த வளையத்தின் மேலும் கீழும் கச்சிதமாகப் பொருந்தும். மேல் மூடியை ஒட்டும் முன்பே அதன் நடுமுனை வழியாக முடிச்சுப் போட்ட நூலைக் கோத்துவிட மறக்க வேண்டாம். உருண்டை மூடிய பிறகு உள்ளே முடிச்சுப் போட இயலாது என்பதை நான் மூன்றாவது உருண்டையில்தான் கற்றுக்கொண்டேன்.

ஓர் உருண்டை உரித்த தேங்காய் அளவுக்கு வரும். மெரூன், மஞ்சள், பச்சை என்று பத்திரிகைகளின் நிறம் கலந்து வந்தாலும் பொன்னெழுத்துகள் அங்கங்கே மினுங்குவதால் தனியாக ஜிகினா எதுவும் தேவைப்படாது. உற்றுப் பார்த்தால் "சுபமுகூர்த்தம்" என்றோ "இங்ஙனம்" என்றோ ஏதாவது ஓர் இதழில் எழுதியிருப்பது தெரியும். சுண்டலுக்கு வரும் விருந்தினர்கள் அது யார் வீட்டுக் கல்யாணம் என்று தேடத் தொடங்கிவிடுவார்கள்.

கேள்வி: கல்யாண செட் பொம்மைகளுக்கு மண்டபம் வேண்டும். டிவி வந்த பெட்டியில் இருந்த தெர்மாகோலை வெட்டிச் செய்யலாம் என்று இருக்கிறேன். வண்ணம் அடித்தால் கரைகிறது என்கிறார்களே, உண்மையா?
(ஒரு வாசகர், சேலம்)

பதில்: ஸ்பிரே டப்பாவில் வரும் வண்ணங்களிலும் சில வகைப் பசைகளிலும் உள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு: மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் தடை செய்த ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருள்களின் பட்டியலில், அலங்காரத்துக்கான தெர்மாகோல் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், அறுக்க அறுக்கப் பறக்கும் அந்த வெள்ளை மணிகள் மின்விசிறிக்கும் சாக்கடைக்கும் போய்ச் சேருமே தவிர ஒருநாளும் மக்காது. உங்களிடம் உள்ள தெர்மாகோலை வெட்டாமல் வைத்திருந்து, கொலு முடிந்ததும் மண் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கும்போது இடையில் அணைவாகச் செருகிவிடுங்கள். அது பிறந்ததே அந்த வேலைக்குத்தான்.

மண்டபத்துக்கு அந்த டிவியின் அட்டைப்பெட்டியே போதும். தூண்களைச் செய்தித்தாளில் உருட்டலாம். தாளின் ஒரு பக்கத்தை நீளவாட்டில் இரண்டாகக் கிழித்து, ஒரு மூலையில் ஈர்க்குச்சியைச் சாய்வாக வைத்து இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டே போய், கடைசி மூலையில் மட்டும் ஒரு சொட்டுப் பெவிகால் வைத்து ஒட்டிவிட்டுக் குச்சியை உருவினால், விரலால் எளிதில் வளைக்க முடியாத குழல் கிடைக்கும். ஒரு குழலை நடுவில் வைத்துச் சுற்றிலும் ஆறு குழல்களை நிறுத்தினால் இடைவெளி இல்லாமல் சரியாகப் பொருந்தும்; இந்த ஏழையும் மேலும் கீழும் நடுவிலும் நூலால் இறுகக் கட்டிவிட்டால், கோயில் தூண்களில் உள்ளதுபோல நெடுக்குவாட்டுப் பட்டைகளோடு தூண் தயாராகிவிடும். நான்கு தூண்களையும் ஒரே உயரத்துக்கு வெட்டுவது முக்கியம். அரை விரற்கடை வித்தியாசம்கூட மண்டபத்தைச் சாய்த்துக் காட்டும்.

கூரைக்கு அட்டையை அடுக்கடுக்காக, ஒன்றைவிட ஒன்று சிறியதாக வெட்டி ஒட்டுங்கள். அட்டையின் மேல்தாளை ஈரத்துணியால் இலேசாகத் துடைத்து, ஊறியதும் விரலால் உரித்தெடுத்தால் உள்ளே இருக்கும் நெளிவரிகள் வெளிப்படும். அந்த வரிகள் தெரியும் பட்டைகளைக் கூரை விளிம்புகளில் ஒட்டினால் கொடுங்கை வேலைப்பாடுபோலவே தோன்றும். துவரம்பருப்பையும் அரிசியையும் ஒட்டிச் சிற்பவேலை காட்டும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் அது வண்டுக்குத்தான் விருந்து. நிறத்துக்கு, வாசலில் கோலத்துக்கு இடும் காவிப்பொடியைப் பெவிகால் கலந்த தண்ணீரில் கரைத்து இரண்டு முறை பூசி, காய்ந்த பின் ஒரு பட்டை விட்டு ஒரு பட்டை வெள்ளை அடித்தால், கோயில் மதில் அப்படியே மேசைமேல் வந்து நிற்கும்.

கேள்வி: புதிதாகக் குடிவந்த வீட்டில் படிகள் இல்லை. இணையத்தில் வாங்கிய பொருள்களின் அட்டைப்பெட்டிகளைக் கொண்டே மூன்று படி கட்ட முடியுமா? பொம்மைகளின் எடையைத் தாங்குமா?
(ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: ஒரே அளவுப் பெட்டிகள் கிடைத்தால் முடியும். அட்டையின் உள்நெளி நெட்டுக்குத்தாக நிற்கும்போதுதான் அது பாரம் தாங்கும். பெட்டி எந்தப் பக்கம் மேலாக வந்ததோ அந்தப் பக்கத்தையே மேலாக வைத்தால் நெளி பெரும்பாலும் சரியாகவே நிற்கும், படுக்க வைத்தால் நசுங்கும். ஒவ்வொரு பெட்டியையும் பழைய செய்தித்தாள்களால் இறுக நிரப்பிப் பிரவுன் டேப்பால் ஒட்டி, முன்வரிசையில் ஒன்று, அதன் பின்னால் இரண்டு, அதற்கும் பின்னால் மூன்று என்று அடுக்க வேண்டும் என்பதால், ஒன்றரை அடி அகலப் பெட்டியில் மூன்றடி அகலக் கொலுவுக்குப் பன்னிரண்டு பெட்டிகள் ஆகும். மேல்படியில் தெய்வ உருவங்களை வைப்பது நம் வழக்கம். பல வீடுகளில் எடை மிகுந்த பொம்மைகளும் அவையே என்பதால், ஒவ்வொரு படியின் மேலும் ஒரு பலகையை இட்டு, அதன் மேல் வேட்டியை விரியுங்கள். கலசத்தைப் பெட்டிகளின் மேல் வைக்காமல் முன்னால் தரையில் மணையிட்டு வைப்பது நல்லது, ஏனெனில் ஒரு முறை தண்ணீர் சிந்தினால் அட்டைப்படியின் ஆயுள் அத்துடன் முடிந்தது. அட்டையில் ஐந்து படிக்கு ஆசைப்பட வேண்டாம்.

கேள்வி: பெவிகால் நிறையச் செலவாகிறது. பாட்டி காலத்துப் பசை காய்ச்சும் முறையைச் சொல்ல முடியுமா? மழைக்காலத்தில் ஒட்டியவை பிரிந்து வருவதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.
(ஒரு வாசகி, நாகர்கோவில்)

பதில்: ஒரு கிண்ணம் மைதாவை ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் மூன்று கிண்ணம் தண்ணீரில் ஊற்றிச் சிறுதீயில் கிளறிக்கொண்டே இருந்தால், வெளுப்பு மாறிக் கண்ணாடிபோல் ஆகும் நேரத்தில் இறக்கிவிடலாம். புத்தகம் கட்டுபவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்க இதில் சிறிது மயில்துத்தம் சேர்ப்பார்கள். ஆனால் அது நஞ்சு என்பதால், குழந்தைகள் கையளைந்து செய்யும் வேலைக்கு அது வேண்டவே வேண்டாம். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்ளுங்கள். தாளோடு தாளை ஒட்டவும், காகிதத் துண்டுகளை அடுக்கடுக்காக ஒட்டி உருவம் செய்யவும் இந்தப் பசை போதும். அட்டை மூட்டுகளுக்கும் பளபளப்பான பத்திரிகை அட்டைக்கும் மட்டும் பெவிகாலை வைத்துக்கொண்டால் செலவு வெகுவாகக் குறையும்.

உங்கள் ஊரில் ஒட்டியது பிரிவதற்குக் காரணம் பசையின் குறை அல்ல. பெவிகால் அதிலுள்ள நீர் வெளியேறித்தான் இறுகும் என்பதால், காற்றே ஈரமாக இருக்கும் நாளில் அதற்கு இரண்டு மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். தடவியதும் துணி கிளிப் போட்டு இரவு முழுவதும் விட்டுவிடுங்கள்; தடிமனாகத் தடவினால் சீக்கிரம் ஒட்டும் என்று எண்ண வேண்டாம், மெல்லியதாகத் தடவியதுதான் முதலில் காயும்.

வெந்தயத்தை ஊறவைத்து, ஊறிய காகிதத்தோடு சேர்த்து அரைத்து முறத்துக்கு மெழுகிய பழக்கம் பல வீடுகளில் இருந்ததை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். அதே கூழைக் கவிழ்த்த கிண்ணத்தின்மேல் எண்ணெய் தடவி அப்பிக் காயவைத்தால், தாம்பூலத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக்கொடுக்கும் சின்னத் தட்டுகள் கிடைக்கும். வெயில் இல்லாத ஊரில் இதைத் தொடங்காதீர்கள், பூஞ்சணம் பிடித்துவிடும்.

கேள்வி: பிளாஸ்டிக் பாட்டில்களில் பூ செய்து வண்ணம் அடித்தேன். இரண்டே நாளில் தோல்போல உரிந்து வந்துவிட்டது. என்ன தவறு?
(ஒரு பள்ளி மாணவி, சென்னை)

பதில்: வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் வண்ணத்துக்குப் பிடிமானம் இல்லை, அவ்வளவுதான். பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கி, அதன்மேல் மெல்லிய தாள் துண்டுகளைத் தண்ணீர் கலந்த பெவிகாலால் ஒட்டிக் காயவைத்து, பிறகு அந்தத் தாளின்மேல் வண்ணம் அடித்தால் நிற்கும். இன்னொரு செய்தியும் உங்களுக்குப் பயன்படும்: குளிர்பான பாட்டிலின் அடிப்பாகம் உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தத்தைத் தாங்குவதற்காகப் பெரும்பாலும் ஐந்து குமிழ்களாக வார்க்கப்பட்டிருக்கும், அதை வெட்டியெடுத்தாலே ஐந்திதழ்ப் பூ ஆகிவிடும், வடிவத்துக்கென்று தனியே மெனக்கெட வேண்டியதில்லை. குடிநீர் பாட்டிலில் இந்த அமைப்பு பொதுவாக இருக்காது. முதல் வெட்டுக்குக் கத்தியைப் பெரியவர் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், வெட்டிய விளிம்பும் விரலைக் கிழிக்கும்.

கேள்வி: முட்டை ஓட்டில் பொம்மை முகம் வரைந்து கொலுவில் வைக்கலாமா?
(ஒரு வாசகர், பெங்களூரு)

பதில்: கைவேலை என்ற அளவில் அருமையாக வரும். அதைக் கொலுவில் வைப்பதற்கு உங்கள் மாமியார் சம்மதிப்பாரா என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: காகிதத் தோரணங்களுக்கு நடுவே சீரியல் விளக்கும் குத்துவிளக்கும் வைப்பது ஆபத்தில்லையா?
(ஒரு வாசகி, திருநெல்வேலி)

பதில்: ஆபத்துதான், குறிப்பாகக் குத்துவிளக்கு. சுடரின் சூடு பக்கவாட்டில் பரவுவதைவிட மேல்நோக்கியே மிகுதியாக ஏறும் என்பதால், விளக்குக்கும் அலங்காரத்துக்கும் இடையே பக்கவாட்டில் இரண்டடி விடுவதோடு, விளக்கின் நேர்மேலே எதுவும் தொங்கக்கூடாது. சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் கொலுவில் விளக்குக்கு வெகு உயரத்தில்தான் இருக்கிறது என்று நம்பி நான் கட்டிய காகித மாவிலைத் தோரணத்தின் நடு இலைகள் மூன்று, மூன்றாம் நாள் மாலையில் பழுப்பேறிச் சுருண்டிருந்தன. தீப்பற்றாமல் போனது என் அதிர்ஷ்டமே தவிர என் சாமர்த்தியம் அல்ல. மின்விசிறிக் காற்றில் தோரணம் விளக்கின் பக்கம் ஆடுகிறதா என்பதை, விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சீரியல் விளக்கில் எல்.இ.டி. வகையே நல்லது. அதைக் கண்ணாடிப் புட்டிக்குள் நுழைத்து, வாயில் வலைத்துணி கட்டி வைத்தால் அழகாக இருக்கும். சூடேறும் பழைய இழை பல்புகளைக் காகிதக் கூண்டுக்குள் வைக்கவே கூடாது. எந்தச் சீரியலாக இருந்தாலும் முழு நீளத்தையும் கையில் உருவிப் பார்த்து, தோல் உரிந்த இடமிருந்தால் ஒதுக்கிவிடுங்கள். படுக்கப் போகும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

கேள்வி: அம்மாவின் பழைய காஞ்சிபுரம் பட்டுப்புடவை மடிப்புகளில் கிழிந்துவிட்டது. அதை வெட்டி மரப்பாச்சிகளுக்கு உடுத்தலாமா?
(ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: கத்தரிக்கும் முன் ஜரிகை அசலா என்று தெரிந்தவரிடம் காட்டிவிடுங்கள். பட்டு நூலின்மேல் மெல்லிய வெள்ளி இழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசியதுதான் அசல் ஜரிகை என்பதால், அந்தப் புடவைக்குப் பழைய விலையே கணிசமாகக் கிடைக்கும். விற்க மனமில்லையென்றால் மடிப்பில் கிழியாத கரைப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மரப்பாச்சியின் உயரத்தில் முக்கால் பங்கு அகலமும், அதன் இடுப்புச் சுற்றளவைப் போல ஐந்து மடங்கு நீளமும் உள்ள துண்டு புடவைக்குச் சரியாக இருக்கும். ஜரிகைக் கரை கீழே வருமாறு வைத்து, கொசுவத்தை முதலில் தனியே மடித்து ஊசிநூலால் ஒரு தையல் போட்டுவிட்டு, பிறகு இடுப்பில் சுற்றிக் கட்டினால் ஒன்பது நாளும் அவிழாது. பசை வேண்டாம், ஆண்டுதோறும் புதுத்துணி உடுத்துவதற்கு அது மரத்தில் அப்பிக்கொண்டு இடைஞ்சல் செய்யும். ஆண் மரப்பாச்சிக்கு அப்பாவின் பழைய அங்கவஸ்திரக் கரை இருக்கிறதா என்று தேடுங்கள்.

கேள்வி: கொலுவின் ஓரத்தில் பார்க் அமைக்கக் கொட்டாங்குச்சியைப் பயன்படுத்தலாமா? விதை எப்போது தூவ வேண்டும்?
(ஒரு வாசகி, புதுச்சேரி)

பதில்: தேங்காயை உடைத்ததில் கண் உள்ள பாதியையே எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று கண்களில் மெத்தென்ற ஒன்றைக் கம்பியால் குத்தினால் தண்ணீர் வடிய வழி கிடைத்துவிடும், துளைக்கும் கருவி எதுவும் தேவையில்லை. வெளிப்புற நாரை உப்புத்தாளால் தேய்த்து, தேங்காய் எண்ணெய் பூசினால் கருங்காலிபோல மின்னும். நிற்பதற்கு, சுருட்டிய செய்தித்தாள் குழலை வளையமாக்கி அடியில் வையுங்கள். மண் நிரப்பி, கடுகை அப்படியேயும் வெந்தயத்தை ஓர் இரவு ஊறவைத்தும், கொலு வைப்பதற்கு ஐந்தாறு நாள் முன்பாக நெருக்கமாகத் தூவி, கையால் தெளிக்கும் அளவுக்கே தண்ணீர் விடுங்கள். இரண்டு செட்டாக, நான்கு நாள் இடைவெளியில் போட்டுவைத்தால், முதல் செட் சாய்ந்துவிழும்போது அடுத்தது நிமிர்ந்திருக்கும்.

கேள்வி: விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்த பிறகு, இந்த அலங்காரங்களை எல்லாம் என்ன செய்வது?
(ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில்: ஈரம் பட்டதும் பூஞ்சணம் ஏறியதும் எனக் கெட்டுப்போன காகிதத்தை வருத்தப்படாமல் பழைய தாள் கடைக்குப் போகும் கட்டில் சேர்க்காமல் தனியே கழித்துவிடுங்கள், பசை ஒட்டிய தாள் பூச்சிக்கு அழைப்பு. நன்றாக இருக்கும் மண்டபத்தையும் உருண்டைகளையும் ஒரு நாள் வெயிலில் வைத்து, ஆறிய பிறகு, இராமபாணம் அண்டாமல் இருக்கத் துணியில் முடிந்த வசம்போடு பெட்டியில் வையுங்கள். படிக்கு உதவிய அட்டைப்பெட்டிகளிலேயே அவை அடங்கிவிடும். வேட்டியைத் துவைத்துக் காயவைத்து மேலாக மடித்து வைத்து, எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்பதைப் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். மேலே எழுதினால், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பரணில் அது யார் கண்ணிலும் படாது.